நான் வாசித்த பெட்டி

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து, பாணும் பருப்புக் கறியும் சாப்பிட்டு, சேர்ட்டை நானே அயன் பண்ணிப் போட்டுக்கொண்டேன். பாமசியைத் திறந்ததும் வழக்கம்போல முதலில் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துச் சுவரில் தொங்கும் அட்டையில் குறித்தேன். இன்சுலின் போத்தல்களைக் காலாவதித் திகதிப்படி மாற்றி அடுக்கினேன். கண்ணாடி மேசையைத் துடைத்தேன். பிறகு தினக்குறிப்பை எடுத்து, மேற்கிலிருந்து கச்சான் காற்று விடாமல் வீசுகிறது, கடைக்குள் மணல் வருகிறது என்று எழுதினேன். அன்று காலை எழுதியதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

கல்முனைப் பிரதான வீதியில் இருபது வருடத்துக்கு மேலாகப் பாமசி வைத்திருக்கிறேன். மருந்து வாங்க வருகிறவர்களைப் போலவே மருந்தைக் காட்டிக் கேட்க வருகிறவர்களும் உண்டு. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய விற்றமின் போத்தல், கொழும்பில் எழுதிக் கொடுத்த மீனெண்ணெய்க் குளிசை, பிள்ளைகள் மெல்லும் இனிப்பு மாத்திரை என்று கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். கேள்வி ஒன்றுதான்: இதில் பன்றியிலிருந்து எடுத்தது ஏதும் இருக்கிறதா? நான் கண்ணாடியைப் போட்டு, பெட்டியின் நான்கு பக்கமும், உள்ளே மடித்து வைத்த தாளின் இரண்டு பக்கமும் வாசித்துப் பார்ப்பேன். கூட்டின் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், திறக்கக்கூடிய மருந்தாக இருந்தால் மட்டும், கூட்டைப் பிரித்துத் தூளைத் தாளில் மடித்துக் கொடுப்பேன். திறக்கக் கூடாததென்றால் வைத்தியரிடம் திருப்பி அனுப்புவேன். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்; 'பாமசிக் காக்கா பாத்திட்டார்' என்றால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அந்த வசனம் என் காதில் விழும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

என் தங்கச்சி மருதமுனையில் இருக்கிறாள். மச்சான் வெளிநாட்டில். அவர்களுடைய மூத்த மகள், என் மருமகள், அப்போது மூன்றாம் வகுப்புப் படித்தாள். பள்ளிக்கூடத்து ஊஞ்சலிலிருந்து விழுந்து மேல்வரிசை முன்பல் ஒன்றில் அடிபட்டிருந்தது. நாளாக ஆகப் பல் சாம்பல் நிறமாகி, அதற்கு மேலே முரசுச் சதையில் சின்னதாக ஒரு கட்டி எழும்பியது. பாண்டிருப்புப் பக்கம் திரும்பும் வீதியில் ஒரு தமிழ்ப் பெண் வைத்தியர் பல் கிளினிக் நடத்துகிறார். தங்கச்சி பிள்ளையை அங்கேதான் காட்டி வந்தாள். பலமுறை போய் வந்திருக்கிறாள். நான் ஒருமுறையும் அவளோடு போகவில்லை. என்ன செய்கிறார்கள் என்று கேட்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமைதான் முக்கியமான வேலை நடக்கப்போகிறது என்று அவள் சொன்னதும், முக்கியமான நாளில் ஓர் ஆண் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நானே முடிவு செய்து, கடையைப் பூட்டிவிட்டு ஓட்டோ பிடித்துக்கொண்டு போனேன்.

கிளினிக்கின் வெளியே போட்டிருந்த நீள வாங்குகளில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் எங்கள் முஸ்லிம் ஆட்கள். பிள்ளையை உள்ளே கூப்பிட்ட நேரம் பார்த்துத் தங்கச்சியின் கைக்குழந்தை அழத் தொடங்கியது. நீங்கள் போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்று தங்கச்சி என்னிடம் சொன்னாள். போனேன். வைத்தியர் ஊசி போட்டார். பிள்ளை அழவில்லை, என் விரலை மட்டும் இறுக்கிப் பிடித்தாள். அவர் பல்லைத் திறந்து, உள்ளே வைத்திருந்த பழைய மருந்தைக் கழுவி எடுத்தார்.

எனக்குச் செய்ய வேலை இல்லை. பக்கத்தில் சக்கரம் வைத்த தட்டு மேசையில் ஒரு சின்னப் பெட்டி திறந்து கிடந்தது. பெட்டியைக் கண்டால் என் கை கண்ணாடியைத் தேடும். எடுத்து வாசித்தேன். கொலாஜன். காயத்துக்குள் வைக்கும் பஞ்சு போன்ற பொருள். ஓரத்தில் சிறிய எழுத்தில், பன்றியிலிருந்து பெறப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இத எங்கட பிள்ளையிட வாய்க்குள்ள வைக்க ஆருக்கிட்டக் கேட்டீங்க?" என்றேன்.

வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். "தாயிட்டக் கேட்டுத்தான் எல்லாம் செய்யிறன். அந்தப் பெட்டி வந்து..." என்று தொடங்கினார். நான் முடிக்க விடவில்லை. தாய்க்கு என்ன தெரியும் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், வெளியே பேச்சுச் சத்தம் நின்றுபோனது. பிள்ளையை எழும்பச் சொன்னேன். திறந்த பல்லோடு அனுப்ப மாட்டேன் என்று வைத்தியர் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. அவர் மறுபடி மருந்தை வைத்துத் தற்காலிகமாக அடைக்கும்வரை நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் விளக்கைத் தள்ளினார்.

அந்தப் பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது தங்கச்சி குழந்தையோடு எழுந்து, "காக்கா, கொஞ்சம் நில்லுங்க, நான் விஷயத்தச் செல்றன்" என்றாள்.

"நீ சும்மா இரி புள்ள" என்றேன். அத்தனை பேருக்கும் முன்னால்.

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். மருதமுனை வரைக்கும் விறைத்த உதட்டோடு பிள்ளை என்னையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தபடி வந்தாள். ஊசி குத்தியது வீணாகிவிட்டதா என்று கேட்டாள்.

கடைக்குத் திரும்பியதும் ஊர் வாட்ஸ்அப் குறூப்பில் படத்தைப் போட்டேன். கீழே குரல் பதிவும் அனுப்பினேன். பல் வைத்தியம் என்ற பெயரில் நம் பிள்ளைகளின் வாயில் என்ன போகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், இன்று என் கண்ணால் கண்டேன், தடுத்துவிட்டேன் என்று நிதானமாக, ஸலாம் சொல்லித் தொடங்கி, ஸலாம் சொல்லி முடித்தேன். வைத்தியரின் பெயரைச் சொல்லவில்லை. பாண்டிருப்புப் பக்கம் திரும்பும் வீதி என்று மட்டும் சொன்னேன். அந்த வீதியில் ஒரே ஒரு பல் கிளினிக்தான். பெயர் சொல்லாததற்காக என்னையே நான் மெச்சிக்கொண்டேன் என்பதையும் எழுதியாக வேண்டும்.

மதியம் லுஹருக்குப் பிறகு கடை நிறைந்துவிட்டது. மருந்து வாங்காதவர்களும் வந்தார்கள். என்னுடைய குரல் எனக்கே பல போன்களிலிருந்து கேட்டது. ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றி வரும் வியாபாரி ஒருவர் மேசையில் கையை ஊன்றி, "இனிப் பல்லுக் குத்துற குச்சியையும் உங்களுக்கிட்டக் காட்டித்தான் வாய்க்குள்ள வைக்கணும் போல, காக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தன் மகளுக்கு அங்கே போட்டிருந்த நாளை ரத்துச் செய்துவிட்டதாக ஒருவர் சொன்னார். பல் கட்டக் கொடுத்திருந்த காசைத் திருப்பிக் கேட்கப் போவதாக இன்னொருவர். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு தங்கச்சி தனியாக வந்தாள். கடைக்கு வந்தால் உள்ளே வந்து நாற்காலியில் இருப்பவள், அன்று வாடிக்கையாளர் நிற்கும் பக்கத்திலேயே நின்றாள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"மருந்து வேணாம், காக்கா. ஒண்டு கேக்கத்தான் வந்த. ஊர்ல ஆர் எதக் கொண்டந்து காட்டினாலும் கண்ணாடி போட்டுப் பாத்துச் செல்றீங்க. எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? என்ட புள்ளட வாய்க்குள்ள என்ன போகுதெண்டு தெரியாமலா நான் கூட்டிப் போன?"

பிறகு அவள் சொன்னதை நான் இடையில் பேசாமல் கேட்டேன். அந்த வயதில் முன்பல்லின் வேர் இன்னும் வளர்ந்து முடிவதில்லை. அடி மூடாமல், சுவர் மெல்லியதாக, குழாய்போல இருக்கும். உள்ளிருக்கும் மென்மையான சதை செத்துவிட்டால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல வேரைச் சுத்தமாக்கி அடைத்தால் பல் இருக்கும், ஆனால் சுவர் மெல்லியதாகவே இருந்து ஒரு நாள் ஒடிந்துபோகும். ஆகவே வைத்தியர் வேறு வழி சொன்னார். உள்ளே கிருமி இல்லாமல் மருந்து வைத்துக் கழுவ வேண்டும். பிறகு மெல்லிய ஊசியால் வேரின் அடியைத் தாண்டித் தொட்டு, பிள்ளையின் சொந்த இரத்தத்தையே அந்தக் குழாய்க்குள் ஏறி வரச் செய்ய வேண்டும். இரத்தம் அங்கே உறைந்து நிற்கும். பாவக்காய்க் கொடிக்குப் பந்தல் போடுவதுபோல அது ஒரு பந்தல். வேரின் அடியில், இன்னும் எதுவாகவும் ஆகாமல், எதுவாகவும் ஆகக்கூடிய மூலக்கலங்கள், ஸ்டெம் செல் என்பார்களே அவை, கொஞ்சம் உயிரோடு இருக்கும். இரத்தத்தோடு மேலே வந்து, அந்தப் பந்தலைப் பிடித்துக்கொண்டு, அவை புதுச் சதையாக வளர்ந்தால், வேரும் சேர்ந்து வளரும். சில பிள்ளைகளுக்கு நன்றாக வளரும், சிலருக்கு வளராது, வாக்குக் கொடுக்க முடியாது என்றும் வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் என் தங்கச்சி, மேசைக் கண்ணாடியில் விரலால் பல்லின் படம் கீறிக் காட்டிச் சொன்னாள். மருந்தைப் பற்றி எனக்குத் தெரியாததை அவள் சொல்லி நான் கேட்ட முதல் நாள் அது.

அந்த இரத்தத்துக்கு மேல் மூடி வைக்க, தேவைப்பட்டால், சின்னக் கொலாஜன் துண்டு ஒன்று வைப்பார்களாம். அது எந்த மிருகத்திலிருந்து எடுத்தது என்று வைத்தியரே முதல் நாளில் எடுத்துச் சொன்னாராம். பன்றியிலும் இருக்கிறது, மாட்டிலும் இருக்கிறது. மிருகத் தசையைக் கழுவி, அதன் கலங்களை எல்லாம் நீக்கி, மிஞ்சும் வலைபோன்ற கூட்டில் மனிதரின் மூலக்கலங்களை விட்டு வளர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சிகள் வெளிநாடுகளில் நடப்பதாகவும், அதிலும் இதே கேள்வி நாளைக்கு வரும், அதனால் இப்போதே கேட்டுப் பழகுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு மாட்டிலிருந்து எடுத்ததையே எடுத்து வைத்திருக்கிறார். மார்க்க முறைப்படி அறுத்த மாடா என்று தங்கச்சி கேட்டிருக்கிறாள். தெரியாது என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவள் போய் மௌலவியிடம் கேட்டு, அவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு, இரத்தம் தானாக உறைந்து நின்றால் அந்தத் துண்டே வேண்டாம், நிற்காவிட்டால் மட்டும் வையுங்கள் என்று முடிவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

நான் செய்திருக்கக்கூடிய எல்லாவற்றையும் அவள் செய்திருந்தாள். நான் செய்யாமல் விட்டிருக்கக்கூடியதையும் செய்திருந்தாள்.

"அப்ப அந்தப் பெட்டி?" என்றேன்.

"அத அவட்டயே கேளுங்க. வாங்க" என்றாள்.

கடையைப் பூட்டினேன். கிளினிக்கில் வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. உதவிக்கு நிற்கும் பெண் எங்களைக் கண்டதும் தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். என்னுடைய குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது; அப்படித்தான் என் மனதுக்குப் பட்டது. வைத்தியர் உள்ளே தனியாக இருந்தார். என்னை இருக்கச் சொன்னார். எழுந்துபோய்ச் சுவர் அலுமாரியைத் திறந்தார். மேல் தட்டில் காலையில் நான் வாசித்தது போன்ற பெட்டிகள். கீழ்த் தட்டில் வேறு நிறத்தில் வேறு பெட்டிகள்.

"மேல இருக்கிறது பண்டியில இருந்து வாறது. கீழ இருக்கிறது மாட்டில. எங்கட ஆக்கள் மாடு எண்டா வேணாமெண்டுவாங்க, உங்கட ஆக்கள் பண்டி எண்டா. ரெண்டு ஊருக்கும் நடுவில கிளினிக் வச்சுக்கொண்டு ரெண்டு தட்டு வைக்காம ஏலுமா?" என்றார். காலையில் பாண்டிருப்பிலிருந்து வந்த முதியவர் ஒருவருக்குப் பல் பிடுங்கி, இரத்தம் நிற்க அந்தப் பெட்டியைத் திறந்தார்களாம். தட்டு மேசையை அடுத்த பிள்ளைக்கு முன் சுத்தமாக்காமல் விட்டது எங்கள் பிழைதான் என்று அதையும் அவரே சொன்னார். அந்தச் சின்னப் பிழையை அவர் சொல்லிக் கேட்பது எனக்குத் தாங்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. பிள்ளையை மறுபடி எப்போது கூட்டி வரலாம் என்று தங்கச்சி கேட்டாள்.

"மருந்து வச்சு அடைச்சிருக்கிறன். ரெண்டு மூண்டு கிழமைக்குப் பல்லுக்கு ஒண்டும் வராது. ஆனா நான் தொட மாட்டன், தங்கச்சி. இந்த வேல சரிவராமப் போகவும் கூடும் எண்டு உங்களுக்கு நான் முதலே சொன்னனான். இப்ப சரிவராமப் போனா ஊர் என்ன சொல்லும்? மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தாறன், அங்க கொண்டு போங்க."

மட்டக்களப்பில் எப்போது நாள் கிடைக்கும் என்று தெரியாது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எத்தனை முறை போய் வருவாள்? அதற்குள் அடைத்தது கழன்று உள்ளே மறுபடி கிருமி ஏறினால், வளர இருந்த வேர் வளராமலே போகும். இதைத் தங்கச்சி சொல்லவில்லை. நான் வாசித்து அறிந்த அளவுக்கு எனக்கே தெரிந்தது.

திரும்பி வரும்போது வேறொன்று நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன், எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடைகளில் சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்தைச் சோற்றோடு கலக்கிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. அந்த நாட்களில் கடைக்கு வந்த சிங்கள விற்பனைப் பிரதிநிதிகளிடமெல்லாம் நான் பொறுமையாக விளக்கம் சொல்லியிருக்கிறேன். பார்க்காமல் எப்படிச் சொல்லலாம் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறேன். இப்போது நான் பார்த்துத்தான் சொன்னேன். பார்த்தது உண்மை என்பதாலேயே ஊர் நம்பியது. என்னை நம்பி எத்தனை பேர் அதை எத்தனை குறூப்புக்கு அனுப்பினார்கள் என்று அறிய வழியே இல்லை. என் பதிவை அழித்துப் பார்த்தேன். எங்கள் குறூப்பில் மட்டும் அழிந்தது.

பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகு ஒரு விளக்கம் எழுதினேன். எழுதுவதில் நான் கவனமானவன். சொல்லைத் தேர்ந்து, வசனத்தைத் திருத்தி, இரண்டு மூன்று தரம் வாசித்தே அனுப்பினேன். 'இன்று பகிரப்பட்ட தகவல் தொடர்பாக மேலதிக விபரங்கள் கிடைத்துள்ளன. குறித்த பொருள் எமது பிள்ளைக்குப் பயன்படுத்தப்படவில்லை. யாரும் தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம்.' எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பதிலுக்கு நாலைந்து பேர் கட்டை விரல் போட்டார்கள். ஒருவர், காக்கா தடுத்தபடியால்தானே பயன்படுத்தவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதினார். நான் அதை மறுத்து எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள். பின்னால் பிள்ளை எதையோ பாடமாக்கும் சத்தம் கேட்டது.

"வாசிச்சன், காக்கா. இதில ஆரு பிழை விட்டதெண்டு இல்லயே" என்றாள்.

நாளைக்குச் சரியாக எழுதுகிறேன் என்றேன்.

"எழுத வேணாம். இண்டைக்கு, நாளைக்கு எண்டு இழுபடும். உங்கட குரலக் கேட்டுத்தான் எல்லாரும் நம்பின" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இரவு இஷா தொழுகையில் அல்லாஹ்விடம் தவ்பா செய்து மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஒரு மனிதருக்குச் செய்த அநியாயம் அந்த மனிதரிடம் தீராமல் மேலே தீர்வதில்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் கிடந்தபோதும் அந்த வெறும் வாங்குகள்தான் கண்ணுக்குள் நின்றன. அந்த நேரம் என்னை மிகவும் சுட்டது, வைத்தியர் விஷயம்கூட இல்லை. 'தாய்க்கு என்ன தெரியும்' என்று நான் கேட்டதுதான். அதைப் பிள்ளை நாற்காலியில் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சுபஹ் தொழுகை முடிந்து எல்லோரும் பள்ளிவாசல் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நேற்றுக் கடைக்கு வந்து என்னைப் பாராட்டியவர்களில் பலர் இருந்தார்கள். நான் படியிலேயே நின்று, போனை எடுத்து, குறூப்பைத் திறந்து, குரல் பதியும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அங்கே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகவே கதைத்தேன்.

"நேத்து நான் அனுப்பின வொயிஸ் பிழை. பெட்டி உண்மை, நான் செல்லின கதை பொய். அந்தப் பெட்டி என்ட மருமகளுக்குத் திறந்ததில்ல. டொக்டர் எங்கட ஆக்களுக்கெண்டு வேறயாத்தான் வச்சிருக்காங்க. தாயிட்டக் கேட்டு, தாய் மௌலவியிட்டக் கேட்டு, அதுக்குப் பிறகுதான் வேல தொடங்கின. நான் தாயிட்டயும் கேக்கல்ல, டொக்டர ஒரு வார்த்த செல்லவும் விடல்ல."

"உள்ளுக்குப் போய்க் கதைங்களன், காக்கா" என்று யாரோ தணிந்த குரலில் சொன்னார். மீன் வியாபாரி தன் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். நான் விரலை எடுக்கவில்லை.

"நேத்துப் போகாம விட்டவங்க அந்த டொக்டருக்கிட்டப் போங்க. நேத்துத்த வொயிஸ ஆருக்கு அனுப்பினீங்களோ, அவங்களுக்கே இதையும் அனுப்புங்க. பிழை என்டது. ஸலாம்."

அனுப்பினேன். பிறகுதான் செருப்பைப் போட்டேன்.